மளிகைப் பையும் மார்னியின் படிப்பும்

எரீ நகரத்தில் அத்தானோடு இருக்கும் என் அக்கா லோரேனுக்கு, தம்பி ரே ஹுடாக் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி டோனாவும் மகள் மார்னியும் நாய் மோக்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அத்தானுடைய முழங்கால் தேவலையா? நீ அனுப்பிய வால்நட் ரோல் வந்து சேர்ந்தது. ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. பதற வேண்டிய விஷயம்தான், ஆனால் கொஞ்சம் பொறு. போனில் சொன்னால் மார்னிக்குக் கேட்டுவிடும். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் கீழே பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம் கேட்கிற காது அது. எழுதினால் பயமே இல்லை. மேசை மேல் விரித்துப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போகலாம். அக்கா, விஷயமே அதுதான். உன் மருமகளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது கரடிக் கதையைக் கடகடவென்று படித்தாளே, நீகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாயே, அது படிப்பு இல்லையாம், மனப்பாடமாம். பிப்ரவரியில் ஒரு நாள் புதுப் புத்தகம் ஒன்றை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் தெரியாத்தனமாகக் காப்பிக் கோப்பையைப் படத்தின் மேல் வைத்துவிட்டேன். பேச்சு நின்றுவிட்டது. "கோப்பைய எடுப்பா" என்றாள். "எழுத்துதான் கீழ இருக்கேம்மா?" என்றேன். "படத்தப் பாக்காம எப்பிடிப்பா படிக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். காப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

மறுநாளே அவள் டீச்சர் மிஸஸ் கீஃபரைப் போய்ப் பார்த்தேன். தங்கமான மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறோம் ரே. வார்த்தை தெரியலையா, படத்தப் பாரு, மொத எழுத்தப் பாரு, எது பொருந்தும்னு யோசி. நீங்க வீட்டச் சுத்திப் புத்தகமாப் போடுங்க. ஆசை வந்துட்டா படிப்பு தானா வந்துடும்" என்றார். போட்டேன் அக்கா. மாடிப்படியில்கூடப் போட்டேன். டோனா அதில் ஒன்றில் வழுக்கி விழுந்து, இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகிறாள், அங்கே நோயாளிகள் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்களாம். ஆசைக்கும் குறைச்சல் இல்லை. மார்னி புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எழுத்துதான் உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது.

அடுத்த தெரு ட்ரூடியை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் பையனுக்கும் இதே கதை ஆகி, பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டி, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோள்பையில் திணித்துக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறவள். அவள் வருகிறாள் என்றால் ஜனங்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள், நானும்தான் போயிருக்கிறேன். இந்தத் தடவை நான் அவளைத் துரத்திக்கொண்டு ஓடினேன். "பேச்சு பிள்ளைக்குத் தானா வரும் ரே, படிப்பு தானா வராது. எந்த எழுத்துக்கு என்ன சத்தம்னு ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்து, சத்தத்த ஒட்டவெக்கப் பழக்கணும். எத்தனையோ வருஷமா சோதிச்சுப் பாத்துச் சொல்லியாச்சு. நம்ம ஸ்கூலுக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரல" என்றாள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம். சாப்பாடு ஆனதும் மேசையில் எழுத்தும் சத்தமும்தான், படத்தின் மேலெல்லாம் காகிதம் ஒட்டியாயிற்று.

படம் போனதும் அவள் என் மூஞ்சியைப் படிக்க ஆரம்பித்தாள்! என் புருவம் ஏறினால் வார்த்தையை மாற்றுகிறாள், உதடு குவிந்தால் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடுகிறாள். "இப்ப ஒம் மூஞ்சிதான்யா படம். அதையும் மூடு" என்றாள் ட்ரூடி. எதால் மூடுவது? மளிகைக் கடைக் காகிதப் பையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். ஓட்டை போட்டால் கண்ணைப் பார்த்துவிடுவாள் என்று ஓட்டையும் போடவில்லை. அவள் படிப்பது சரியா தப்பா என்று உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதே, எல்லாப் புத்தகமும் இப்போது எனக்கு மனப்பாடம். இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் நம் பங்குச் சாமியார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். "ரே, தவக்காலம்னா வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட்டாப் போதும்ப்பா, இவ்வளவு தூரம் வேண்டாம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் தவக்காலத்துக்குப் போடுகிற மீன் சாப்பாட்டுக்குப் போனால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் "என்ன ரே, தலைய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்கிறார்கள். உன் வால்நட் ரோலை மோக்சி மேசையேறித் தின்றதும் நான் பைக்குள் இருந்த அந்த நேரத்தில்தான். ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்று மேலே எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்.

பள்ளிப் போர்டு கூட்டத்துக்கும் போனேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம், அப்புறம் மணி. நம் தாத்தா கப்பலில் கொண்டுவந்த ஸ்லோவாக் மொழிச் சமையல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, அதன் மேல் ஓரத்தில் நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிற படத்தை ஒட்டி, தலைவர் கையில் கொடுத்து, "கொஞ்சம் படிங்க சார்" என்றேன். மனுஷன் படத்தைப் பார்த்தார், "நாய் பந்தைக் கவ்விக்கிட்டு ஓடுது" என்று கணீரென்று படித்தார். சார், அது முட்டைக்கோஸ் சூப்பு வைக்கிற விதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மணி அடித்துவிட்டது. சபை முழுக்கக் கைதட்டல். "நம்ம முறை எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு மிஸ்டர் ஹுடாக் அழகாக் காட்டிட்டார்" என்று தலைவர் எனக்கு நன்றி வேறு சொன்னார். ட்ரூடி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மிஸஸ் கீஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ மேல எனக்கு உசிரு ரே. ஆனா இப்படியே மூணாவதுக்கு அனுப்புனா அங்க போய் முங்கிடுவா" என்றார். மே மாதம் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்களாம். அநேகமாக மார்னியை மூன்றாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள். அவளிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை. அந்த வகுப்பில் ஒரு ஆமை இருக்கிறதாம், லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவரலாமாம், அதற்கு இப்போதே எங்கள் குளியலறையில் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டை முடுக்கிக்கொண்டே நினைக்கிறேன், நாளைக்கு இவள் பெரியவளாகி மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பாளோ என்று. நிற்கிறவன் நல்லவனாக இருக்க வேண்டுமே. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஈஸ்டருக்குக் கட்டாயம் வா. படம் போட்ட புத்தகம் எதுவும் வாங்கி வராதே. அவள் கரடிக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தால், தயவுசெய்து, அழாதே. அத்தானுக்கு என் வணக்கங்கள். உங்கள் இருவர் ஜெபத்திலும் எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்க வேண்டும். அடுப்பில் பியரோகிக் கொழுக்கட்டை கொதி வந்துவிட்டது, கடிதத்தை மேசையில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறேன்.

உன் பிரியமுள்ள தம்பி,
ரே

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன், ஏனென்றால் கடிதம் என் கையில் இல்லை. பியரோகியை வடித்துக்கொண்டிருந்தேன், மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் மார்னி ஒவ்வொரு சத்தமாக இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் புத்தகமோ என்று இருந்துவிட்டேன். "மூ... மூன்றாம். வ... வகு... வகுப்புக்கு." நின்றாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். அப்புறம், "அப்பா, என்ன மூணாவதுக்கு அனுப்ப மாட்டாங்களா?" என்றாள். அதில் படம் இல்லை அக்கா! என் மூஞ்சியும் இல்லை, என் கோழிக் கிறுக்கல் மட்டும்தான்! குதிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அழுது வழிகிற முகத்தை அவளுக்குக் காட்டாமல், "இன்னொரு தடவ படிம்மா" என்றேன். அவளும் அழுதுகொண்டே படித்தாள், ஒரு எழுத்து விடவில்லை. நாளைக் காலையில் அந்தக் கடிதத்தோடு மிஸஸ் கீஃபரிடம் போகிறோம், அவர் எதிரிலேயே இவள் படித்துக் காட்டட்டும். தபாலில் போடணும், கொடும்மா என்றால் தரமாட்டாளாம், மோக்சி பேரு வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் நிறைய இருக்கிறதாம். ஆகையால் கடிதம் உனக்குத் தாமதமாகத்தான் வரும். பியரோகி ஆறிப்போய்விட்டது.