மூத்தாருக்குச் சொல்லவேண்டியதைப் பிள்ளையாரிடம் சொன்னேன்

வாய் திறப்பதென்றால் எனக்கு இன்றைக்கும் வேர்க்கும். அஞ்சாவது வரை படித்தேன். அதில் பாதி நாள் வாத்தியார் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார். அப்படிப்பட்டவளைத்தான் காணிப்பாக்கத்தில் சத்தியம் பண்ணக் கூட்டிப்போனார்கள்.

பிச்சாட்டூர் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும், அதாவது என் மூத்தாருக்கும், பொதுவில் ஒரு கழனி, அதில் ஒரு கிணறு. திருத்தணி மெட்ராஸுக்கு, நாங்கள் ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவானது. திருத்தணியில் பெண் எடுத்திருந்த மூத்தார் அங்கேயே குடிபோக நினைத்தார். கழனியைக் கிணற்றோடு விற்கவேண்டும் என்றார். கிணறு போனால் எங்கள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

"திருப்பதி ஓட்டல்ல சரின்னு சொன்னியேடா!" என்றார் மூத்தார்.

"நான் எங்க சொன்னேன்?" என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் இப்படி முட்டிக்கொண்டால், கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் காணிப்பாக்கம் கோயில்தான். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அங்கே பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை.

"உன் சத்தியம் எனக்கு வேணாம். அந்தப் பொண்ணு சொல்லட்டும். நான் வாய மூடிக்கினு போறேன்" என்றார் மூத்தார்.

அந்தப் பொண்ணு நான்தான். வம்பு அங்கேதான். மூத்தார் எதிரில் நிற்பதோ பேசுவதோ எங்கள் வழக்கத்தில் இல்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிடவேண்டுமானால் மாட்டிடம் சொல்வேன்: "மாடே, சோறு ஆறிப்போவுது." அவரும் மாட்டிடமே "வரேன்" என்பார். (மாடு எங்களைப் பற்றி என்ன நினைத்ததோ!)

பஸ்ஸில் வழியெல்லாம் இவர் பாடம் நடத்தினார். "என் புருஷன் சம்மதிக்கல. அவ்ளோதான் சொல்லணும், இன்னா?"

தலையாட்டினேன்.

முழுகி எழுந்து வந்து நின்றேன். பல் தந்தியடித்தது. பக்கத்தில் மூத்தார், பின்னால் நீளமாக வரிசை. "செப்பம்மா! சொல்லு, சொல்லு!" என்று அர்ச்சகர் விரட்டினார். முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, பிள்ளையாரை எங்கள் மாடாக நினைத்துக்கொண்டேன். (அவர் மன்னிப்பார்.)

"பிள்ளையாரப்பா, இவரு சரின்னுதான் சொன்னாரு. அண்ணன் வாங்கிக்குடுத்த தோசைய துன்னுகினே தலையாட்டிட்டாரு. வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லி அழுதாரு."

"அடிப்பாவி!" என்றார் இவர். வரிசை சிரித்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அடைத்துவைத்த வாய், நிற்கவில்லை.

"ஆனா அந்தக் கிணறு தோண்டறப்ப, வயித்துல புள்ளையோட மண்ணு சுமந்தவ நான். அத வித்துட்டா நாங்க எங்க போவோம்? இவரு அண்ணனுக்கு இது தெரியாதா?"

மூத்தாரும் பிள்ளையாரைப் பார்த்தே பதில் சொன்னார். "பிள்ளையாரப்பா, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கேக்கமாட்டேனா?"

"எப்படிச் சொல்றது? பேசக் கூடாதே!"

"இப்ப மட்டும் பேசுதே!"

"ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசுங்க. சாமிக்குக் காது வலிக்குது" என்றார் அர்ச்சகர்.

ஊருக்குத் திரும்பிய மூத்தார் மேல்பக்கத்தை மட்டும் தன் பங்காக விற்றார். கிணறும் கீழ்ப்பக்கமும் எங்களுக்கு என்று சித்தூரில் பத்திரம் எழுதினார்கள்.

அதன்பிறகு வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் இவர் ஆரம்பித்துவிடுவார்: "இவ வாய தொறந்தது ஒரே தடவ. பாதி கழனி போச்சு!"

திருத்தணியிலிருந்து வந்திருக்கும் மூத்தார் விடமாட்டார்: "தொறக்கலன்னா முழுசும் போயிருக்கும்டா!"

இருவரும் இப்போது இல்லை. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு குரலில் அதை நடித்துக்காட்டுகிறார்கள். என் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை, வசனம் நீளமாம்.