நரித்தோல் குல்லாவும் சிவப்பு வெள்ளை நூலும்

வாழ்க தில்யன்! ப்ளோவ்திவ் மாநகரில், லிஃப்ட் ஓயாது பழுதாகும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கணினித் திரையைக் கேடயமாகவும் அடிக்குறிப்பை ஈட்டியாகவும் தாங்கி, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அம்மண்ணில் வாழ்ந்த திரேசியரின் படையை ஒரு வியூக விளையாட்டுக்காகத் தனியொருவனாய்த் திரட்டிய சான்றுகாவலன், பிழைபொறாப் பெருந்தகை, காலணிவாரின் முடிச்சைப் பற்றி ஒன்பது பக்கக் கடிதம் எழுதிய கடுஞ்சினத்தோன் வாழ்க!

அவனுக்கு எதிரே நின்றவள் ஓவியத்தாரகை ரலீட்சா. எறியீட்டி வீரர்களுக்கு நரித்தோல் குல்லாவே என்று அவன் முழங்க, தலையில் பூனை படுத்திருப்பதுபோல் இருக்கிறது, வெண்கலத் தலைக்கவசமே வேண்டும் என்று அவள் எதிர்முழங்க, நான்கு திங்கள் நீடித்த அப்பெரும்போரில் காபிக் கோப்பைகள் சரிந்தன, சன்னல் புறாக்கள் குடிபெயர்ந்தன. முடிவில் நிறுவனத்தலைவி போஷானா ஆணையிட்டாள்: வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எறியீட்டி வீரனின் படம் வெளியீட்டாளருக்குப் போயாக வேண்டும், அதில் ஒரே ஒரு வரலாற்றுப் பிழை இருந்தாலும் குல்லா இறங்கிக் கவசம் ஏறும்.

வந்தது வெள்ளி. மணி பதினொன்றே முக்கால். பருந்துவிழியாள் ரலீட்சா, வீரனைக் காதுமடல் தொட்டுக் கால்விரல்வரை துழாவி, வலது மணிக்கட்டில் நின்றாள். அங்கே கிடந்தது, சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய மார்த்தெனிட்சா! மார்ச் முதல் நாள் இந்நாட்டார் நாங்கள் எல்லோரும் நலம் வேண்டிக் கையில் கட்டிக்கொள்ளும் நூல். ஈட்டிப்பிடி சரியாக வரவேண்டும் என்று தாழ்வாரத்தில் துடைப்பக்கட்டையோடு நின்று, தன் கையையே படமெடுத்து வீரனுக்கு ஒட்டவைத்தவன் தில்யன்தான். மூன்று வாரமாக ஊரில் எல்லார் கையிலும் அதே நூல் கிடந்ததால் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"ஐயா, உங்க ஆளு மார்ச் ஒண்ணாந்தேதி கொண்டாடியிருக்காரே. ஆதாரம் வெச்சிருக்கீங்களா?"

அழிப்பது ஒரு நொடி வேலை. அழித்துவிட்டால் பிழையே இல்லை என்று பெருந்தன்மையோடு சொல்லவும் செய்தாள். ஆனால் நாரையோ பூத்த மரமோ கண்ணில் படுமுன் அந்த நூலை எடுத்தால் ஆண்டு முழுதும் ஆகாது. படத்தில் இருப்பதோ அவனுடைய சொந்தக் கை. கல்வெட்டையே குறுக்கு விசாரணை செய்த அக்கொற்றவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். சன்னலுக்குப் பாய்ந்தான். வானில் நாரை இல்லை. கார் நிறுத்துமிடத்துப் பிளம் மரத்தில் வெள்ளையாய் அசைந்தது பிளாஸ்டிக் பை.

இன்னும் நான்கு நிமிடம்.

"குல்லாவை எடுத்துடு, ரலீட்சா. நூல் இருக்கட்டும்."

நான்கு மாதம் அவள் தவங்கிடந்த வெற்றி! ஆயினும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கையில் கிடந்த நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தூரிகை எனும் தெய்வப்படைக்கலம் ஏந்தி வீரனின் மணிக்கட்டில் அகலமான தோல்பட்டை ஒன்றைத் தீட்டினாள்.

"நான் அவுக்கல, மூடித்தான் இருக்கேன். நூலு உள்ள பத்திரமா இருக்கு."

"அந்தக் காலத்துல தோல்பட்டை கட்டினாங்கன்னு எங்க இருக்கு?"

"கட்டலன்னு எங்க இருக்கு?"

ஆயிரம் சான்றுகளின் அதிபதி, ஒன்பது பக்கக் கடிதங்களின் ஊற்று, வாழ்வில் முதல்முறையாக அடிக்குறிப்பு கேளாமல் தலையசைக்க, திரையில் நரித்தோல் குல்லாவின் செவிகள் இரண்டும் விண்ணளாவி நிமிர, திசையெட்டும் அதிர, எழுந்தது நண்பகல் மணி!

படத்தை அனுப்பிவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள்.