வாளை டெய்லரின் துணி மீன்

எனக்கு எழுத வராது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடைக்குப் பட்டன் தைக்கப் போனவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாளை டெய்லரைப் பற்றி யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்.

மனிதருக்கும் மீனுக்கும் ஒரே டேப்பில் அளவெடுத்த தையல்காரர் இந்தக் கண்டிச் சீமையிலேயே அவர் ஒருவர்தான். புசல்லாவைக்காரர். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை. மழைக்குப் பிறகு மகாவலி பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டுத் தூண்டிலோடு போய்விடுவார். "மாஸ்டர் ஆற்றில்" என்று ஓர் அட்டை கதவில் தொங்கும். அவசரக்காரர்கள் ஆற்றங்கரைக்கே போவார்கள். ஒரு தபால்காரர் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று புதுக் களிசானுக்குள் காலை விட்டுப் பார்த்த கதை ஊரறிந்தது.

அவர் தேடிப் போவது பெரிய வாளை மட்டும்தான். செதில் இல்லாத உடம்பு, மீசை, காது வரைக்கும் கிழிந்த வாய். பிடித்தால் கழுத்து டேப்பைக் கழற்றி நீளம், மார்புச் சுற்று எல்லாம் எடுப்பார். பிறகு ஆற்றிலேயே விட்டுவிடுவார். ஏன் என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"அளவெடுத்துட்டா அது நம்ம கஸ்டமர் தங்கச்சி. கஸ்டமர யாராவது கொழம்பு வைப்பாங்களா?"

கடைக்கு வந்ததும் அந்த அளவுக்கே சாம்பல் துணியில் ஒரு மீன் வெட்டித் தைத்து, பஞ்சடைத்துச் சுவரில் மாட்டுவார். அவற்றில் ராஜா, நாற்பத்தாறு அங்குலத்துக்காரன். மீசைக்குக் கறுப்பு நாடா வைத்திருந்தார்.

எதிரே கடல் மீன் விற்கும் மடவளை நானாவுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. நாற்பத்தாறில் இருபது அங்குலம் தையலுக்கு விட்ட துணி என்பார். படம் காட்டச் சொல்லவும் வழியில்லை. டெய்லரின் இரண்டு போன்கள் ஏற்கெனவே ஆற்றோடு போய்விட்டன. மூன்றாவதை மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது நானா சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழமக்குள்ள அந்த அளவுல ஒரு வாளய கண்ணால கண்ட ஒரு ஆளக் கொண்டாங்க. நானே மாலை போடுறேன். இல்லாட்டி இந்தத் துணி மீனக் கழட்டித் தாங்க, என்ட மேசை தொடைக்க."

டெய்லர் சரி என்றார். சொன்னாரே தவிர, அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்தார்.

சனிக்கிழமை ஒன்றும் சிக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு வரை முடிந்தது. ஆறு கலங்கிவிட்டது என்று தெருவில் யாரோ சொன்னதுதான் தாமதம், ஆளைக் காணோம். மாப்பிள்ளை கையைத் தூக்கியபடியே நின்றார். துண்டுச் சீட்டில் களிசான் நீளம் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு நான் அவரைக் கூப்பிட ஓடினேன்.

பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கம்பு வில்லாக வளைந்திருந்தது. அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "வாங்க சாமி, மெதுவா வாங்க. ஒரே ஒரு அளவு, அனுப்பிடுறேன்."

அரை மணித்தியாலம் சாமி வரவில்லை. வந்தபோது நான் கரையில் இரண்டடி பின்னுக்குப் போனேன். அத்தனை பெரிய வாய். டெய்லர் அதைக் கரையோரத் தண்ணீரில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, டேப் நுனியை வாலில் வைக்கச் சொன்னார். செருப்போடு இறங்கினேன். வாலால் ஓர் அறை விட்டது, முகமெல்லாம் சேறு. ஆனாலும் நுனியை விடவில்லை. நாற்பத்தொன்பது. இரண்டு முறை பார்த்தோம். என் கையிலிருந்த சீட்டை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலால் எழுதினார். பிறகு கையை விரித்தார். அது அவசரப்படாமல் போனது.

கடைக்குத் திரும்பினால் நானாவும் மாப்பிள்ளையும் இன்னும் பத்துப் பேரும் நிற்கிறார்கள். டெய்லர் என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் அந்தக் கடையில் நான் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவரில் ராஜா தொங்கினான். அவனை வைத்து மீன் மேசை துடைப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"நான்தான் வாலப் புடிச்சேன்," என்றேன். "நாப்பத்தொம்பது இஞ்ச்."

எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. நானா என் முகத்துச் சேற்றைப் பார்த்தார்.

"டெய்லர் சென்னா நான் நம்பமாட்டேன். இந்தப் புள்ள இத்தன வருஷமா வாயத் தொறந்து நான் கேட்டதில்ல. இது செல்லுதுண்டா மெய்தான்."

பூக்கடை மூடியிருந்தது. நானா தன் கடையில் மீனுக்குப் பிழிய வைத்திருந்த தேசிக்காயையும் கறிவேப்பிலையையும் கோர்த்து ராஜாவுக்கு மாலை போட்டார். கஸ்டமரைக் குழம்பு வைக்கப் பார்க்கிறார் என்று டெய்லர் சத்தம் போட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை டெய்லர் அந்தச் சீட்டைப் பார்த்து மாப்பிள்ளையின் களிசானை நாற்பத்தொன்பது அங்குல நீளத்துக்கு வெட்டிவிட்டார். நான்தான் பத்து அங்குலம் வெட்டிக் குறைத்து, ஓரம் மடித்துத் தைத்தேன். மிஞ்சிய இரண்டு துண்டும் என் தையல் பெட்டியில் இருக்கின்றன.