லேபிள் பட்டிமன்றத்தில் தோற்கப் போனவர்

தோற்பது என்று கமலநாதன் தீர்மானித்தார்.

மலேசியாவின் செனாய் வட்டாரத்துத் தமிழ் மன்ற மேடைகளில் அவர் அதுவரை தோற்றதே இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிப்பார். ஒரு பொங்கலுக்குத் தாய்தான் உசத்தி என்று பேசி மண்டபத்தை அழவைத்தார். அடுத்த பொங்கலுக்குத் தாரம்தான் உசத்தி என்று பேசி, அதே ஆட்களை அதே நாற்காலிகளில் அழவைத்தார். பகலில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் அவர் பேச்சு யாருக்கும் கேட்காது. அந்தக் குறையை மேடையில் தீர்த்துக்கொண்டார். வீட்டிலும் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் வீட்டில் கஸ்தூரி இருந்தாள்.

கஸ்தூரிக்கு ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. குரலை உயர்த்தாமலே கூட்டத்தை உட்காரவைத்துவிடுவாள். கணவனையும்தான்.

இப்படிப்பட்ட பேச்சாளர் தோற்க ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒரு வண்டி. கறுப்பு நிற ஃபோர் வீல். டீசல். அதன் சக்கரம் கஸ்தூரியின் இடுப்புக்கு வரும். கிளப்பினால் தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் வேறு குடியிருப்புத் தாமானுக்குக் குடிபோய்விடும். பாலோ ரப்பர் தோட்டப் பள்ளியில் அவரோடு ஒன்றாகப் படித்த சபாபதி, கார் விற்கும் கடையில் வேலை பார்த்தான். அவன்தான் காதில் போட்டான்.

"டேய் நாதா, சீக்கிரம் வாங்கிடு. புதுக் கார் எல்லாத்துலயும் அது விடற புகைக்குத் தக்கபடி ஸ்டார் போட்டு லேபிள் ஒட்டணும்னு பேச்சு அடிபடுது. அது கட்டாயமாச்சுன்னு வை, இந்த வண்டி கண்ணாடியில ஒத்தை ஸ்டார்தான் நிக்கும். அதைப் பாத்துட்டு தங்கச்சி விடுமா?"

தங்கச்சி கஸ்தூரி, ஸ்டாரைப் பார்க்கும் முன்பே விடவில்லை.

"லேபிள் வரட்டுமே. பாத்துட்டு வாங்கலாம்," என்றாள் துணி மடித்துக்கொண்டே.

"லேபிள் எதுக்கு? வண்டி சத்தத்தைக் கேட்டே நான் சொல்லிடுவேன்."

"சத்தத்தைச் சொல்லிடுவீங்க. புகையை?"

"புகை வந்தா ஜன்னலைச் சாத்திக்க."

"ஓ."

"வெள்ளம் வந்தா இந்த மாதிரி வண்டிதான் கைகுடுக்கும், தெரியுமா?"

"நாம இருக்கறது மேட்டுல. இங்க வெள்ளம் வந்துச்சுன்னா ஜோகூரே மிச்சம் இருக்காதுங்க."

"சிங்கப்பூர் பாலத்துல எத்தனை வண்டி நின்னு நின்னு புகை விடுது! என் ஒரு வண்டியாலதான் வானம் கறுக்கப் போகுதாக்கும்!"

கஸ்தூரி இருமினாள். ரப்பர் புகைக்கூடத்துக்குப் பின்னால் வளர்ந்த பெண். பக்கத்து வீட்டு லாரி காலையில் உறுமினாலே அவள் நெஞ்சு விசிலடிக்கும். கமலநாதனுக்கு அது தெரியும். கூரையில் மழை பெய்வது தெரிவதுபோல. பழகிவிட்டது; காதில் விழுவதில்லை.

அந்த வாரமே அம்பிகைபாகன் வீட்டுக்கு வந்தார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், மன்றத் தலைவர், பட்டிமன்றத்துக்கு நிரந்தர நடுவர். யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஐசே கமலநாதன், இந்த முறை தலைப்புப் புதுசு. புதுக் கார்களுக்குச் சுற்றுச்சூழல் தர முத்திரையைக் கட்டாயமாக்குவது மக்களுக்கு நன்மையா, தொல்லையா? உமக்கு எந்தப் பக்கம் வேணும்?"

கமலநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேசைச் சண்டை மேடைக்கே வந்துவிட்டதா? 'தொல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார். கஸ்தூரி தேநீரோடு வந்தாள்.

"அவருக்குத் தொல்லையே குடுத்துடுங்க அங்கிள். நன்மைன்னு பேச அவருக்கு வராது."

"என்ன வராது?"

"இல்லைங்க... மனசுல இல்லாததை எப்படிப் பேசுவீங்க?"

"பட்டிமன்றப் பேச்சாளனுக்கு மனசு எதுக்கு? நன்மையைக் குடுங்க சார்! நான் பேசறேன்!"

"அப்ப தொல்லைக்கு ஆள் வேணுமே ஐசே."

"நான் பேசறேன் அங்கிள்," என்றாள் கஸ்தூரி.

தேநீர் கமலநாதனுடைய மூக்கில் ஏறியது.

"நீயா? மேடையிலயா?"

"தினமும் வீட்டுல கேக்கறதைத்தானே சொல்லப் போறேன்."

"புருசனும் மனுசியும் எதிரெதிரே! மண்டபம் நிரம்பிடும்," என்று அம்பிகைபாகன் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார்.

அவர் போன பிறகுதான் கமலநாதனுக்கு ஞானோதயம் வந்தது. லேபிள் தொல்லை என்று கஸ்தூரி மைக்கில் பேசப் போகிறாள். ஊர் கேட்கப் போகிறது. அவள் பக்கமே ஜெயித்தும்விட்டால்? அப்புறம் வீட்டில் வந்து லேபிள், ஸ்டார், புகை என்று எந்த முகத்தோடு மறுப்பாள்? தன் வாயாலேயே தனக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ள வருகிறாளே, பாவம்! அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். தோற்க வேண்டும்.

சபாபதிக்குப் போன் போட்டார்.

"அலமாக், ஐயய்யோ! நீயா தோக்கப் போற? உனக்கு அது தெரியாதேடா."

"எல்லாம் நடிப்புதான் லா. அந்தக் கறுப்பு வண்டியை எடுத்து வை. முன்வரிசையில வந்து உக்காந்து தங்கச்சிக்குக் கை தட்டு."

பட்டிமன்றத்தன்று மாலை நல்ல மழை. மண்டபத்தின் தகரக் கூரை தாளம் போட்டது. வெளியே நனைந்த வண்டிகள் வரிசையாகத் தலை குனிந்து நின்றன. முதலில் கமலநாதன் பேசினார். பேசினார் என்பதைவிட, ஈரத் துணியைக் கொடியில் போடுவதுபோல வார்த்தைகளைத் தொங்கவிட்டார் என்று சொல்லலாம். "முத்திரை... நல்லதுதான்... என்று நினைக்கிறேன்," என்றார். கூட்டம் திகைத்துப் போனது. உடம்பு சரியில்லையா என்று யாரோ கேட்டார்கள். இரண்டாவது வரிசை அம்மாள் ஒருத்தி தைலப் புட்டியை மேடைப் பக்கம் அனுப்பிவைத்தாள். கமலநாதன் திருப்தியோடு உட்கார்ந்தார். தோற்பது இவ்வளவு சுகமா?

கஸ்தூரி எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நடுவர் அவர்களே, எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார். பேரைச் சொல்ல மாட்டேன்."

மண்டபம் சிரித்தது. எல்லோரும் பேரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் சொல்வார், லேபிள் எல்லாம் எதுக்கு? சத்தத்தைக் கேட்டே வண்டியைச் சொல்லிடுவேன்!" என்று ஆட்காட்டி விரலை வானத்துக்கு உயர்த்தினாள். அது கமலநாதனுடைய விரல். அந்தக் கனைப்பும் அவருடையது. "வெள்ளம் வந்தா ஃபோர் வீல்தான் காப்பாத்தும்பார். எங்க வீடு மேட்டுல இருக்கு. ஆனா வெள்ளத்துக்கு வழி தெரியாதா என்ன? கேட்டுக்கிட்டு வராதா? புகை வந்தா என்ன செய்யறதுன்னு கேட்டேன். ஜன்னலைச் சாத்திக்கன்னார். பாருங்க, எவ்வளவு சுலபம்! ஜன்னல் இருக்கறப்போ லேபிள் எதுக்கு? சிங்கப்பூர் பாலத்துல அத்தனை பேர் புகை விடறாங்க. நாம மட்டும் விடாம இருந்தா அவங்க மனசு வருத்தப்படாதா? அதனால, லேபிள் தொல்லைதான். என் வீட்டுக்காரர் அறிவு ஒண்ணே நாட்டுக்குப் போதும்!"

ஆட்கள் நாற்காலியில் இருந்து சரிந்து சிரித்தார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சபாபதி சொன்னபடி கை தட்டினான். சொன்னதைவிட அதிகமாகவே தட்டினான். கமலநாதனுக்குக் காது சுட்டது. சொன்னது எல்லாம் அவர் சொன்னதுதான். ஒரு வாதமும் விட்டுப்போகவில்லை. தன் வாயில் அத்தனை கம்பீரமாக இருந்த பேச்சு அடுத்தவர் வாயில் இப்படியா இருக்கும்?

இருந்தாலும் பொறுத்துக்கொண்டார். வண்டி ஏறக்குறைய வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும்.

"கமலநாதன், மறுப்புரை ஏதும் இருக்கோ?" என்றார் நடுவர். "இல்லையெண்டால் தீர்ப்பைச் சொல்லுறன். இண்டைக்கு உமக்குச் சுருதி சேரேல்லை."

கமலநாதன் இல்லை என்று தலையாட்டப் போனார். கஸ்தூரி மைக்கைக் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்தாள். கிளினிக் குரலில் சொன்னாள்:

"விட்டுடுங்க அங்கிள். முன்ன மாதிரி இல்ல. வயசாயிடுச்சு."

அடுத்து நடந்தது கமலநாதனுக்கே சரியாக நினைவில்லை. எழுந்தது தெரியும். மைக்கைப் பிடுங்கியது தெரியும்.

"யாருக்கு வயதாகிவிட்டது? நடுவர் அவர்களே! சத்தத்தைக் கேட்டு வண்டியைச் சொல்வாராம்! எதிரணி அம்மையார் வீட்டு மேதைக்குக் காது இருக்கிறது, மூக்கு இல்லையா? வீட்டில் மாட்டும் ஃபேனுக்கு ஸ்டார் பார்க்கிறோம். குளிர்பெட்டிக்கு ஸ்டார் பார்க்கிறோம். ஊருக்கே புகை விடும் காருக்கு மட்டும் பார்க்கக் கூடாதா? மேட்டில் இருப்பவனுக்கு வெள்ளப் பயமா? அப்படியானால் வண்டி எதற்கு, படகு வாங்கச் சொல்லுங்கள்! பாலத்தில் ஆயிரம் பேர் புகை விடுகிறார்களாம். ஆயிரம் பேர் குப்பையைக் கொட்டினால் நீயும் போய்க் கொட்டுவாயா?"

மண்டபம் அதிர்ந்தது. ஆ, இந்தச் சத்தம்! இதற்காகத்தானே பிறந்தார்!

"புகை வந்தால் ஜன்னலைச் சாத்து என்கிறானே, அந்த மகானை இங்கே கூட்டி வாருங்கள்! அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்!"

"கண்ணாடி கொண்டாங்கப்பா!" என்றது பின்வரிசை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தன் நயத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று கமலநாதன் நினைத்தார்.

"அந்த வீட்டில் ஒருத்தி இருமுகிறாள், ஐயா. காலையில் தெருவில் ஒரு வண்டி கிளம்பினால் அவளுக்கு மூச்சு இழுக்கிறது. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். அவனுக்குக் கேட்கவில்லை..."

அங்கே அவருக்குக் குரல் உடைந்தது. வழக்கமாக அந்த உடைசலைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வருவார். இதைப் பழகவில்லை. சிரிப்பு அடங்கிப்போய் மழை மட்டும் கேட்டது. கஸ்தூரி தலை குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த அமைதியைக் கமலநாதனால் தாங்க முடியவில்லை. எந்தப் பேச்சாளரால்தான் முடியும்?

"இந்த மேடையில் சத்தியமாகச் சொல்கிறேன்! சட்டம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, புகை விடாத கார்தான் என் வீட்டு வாசலில் நிற்கும்!"

கூரை பறந்துவிடும்போலக் கைதட்டல். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில், வாயைப் பிளந்தபடி, சபாபதி. அவனைப் பார்த்ததும்தான் கமலநாதனுக்கு என்ன நடந்தது என்று உறைத்தது. மைக் ஒரு கணம் அவர் கையில் செத்த எலியைப்போல இருந்தது.

"முத்திரை நன்மையே!" என்று நடுவர் தீர்ப்பைச் சொன்னார். கஸ்தூரி எழுந்து கும்பிட்டாள்.

"தோத்துட்டேன். என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு என் மனசே மாறிடுச்சு. இனிமே அவர் சொன்னதுதான் எங்க வீட்டுல நடக்கும்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வருவதற்குள் அத்தனை பேரும் கமலநாதன் கையைக் குலுக்கினார்கள். "எப்பண்ணே புதுக் கார்? வந்ததும் குரூப்புல போட்டோ போடுங்க!" என்றார்கள். சபாபதி குலுக்கவில்லை. காதருகே வந்து, "டேய், அந்தக் கறுப்பை இனிமே உனக்குக் குடுத்தா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்," என்றான்.

கார் வந்தது. மின்சாரக் கார். வெளிர்நீலம். உள்ளே உட்கார்ந்தால் கமலநாதனுடைய முழங்கால் மோவாயோடு பேசும். அவர் மண்டியிட்டுப் பின்பக்கம் தேடினார்.

"புகைக் குழாய் எங்கடா?"

"கிடையாது," என்றான் சபாபதி துக்க வீட்டுக் குரலில்.

"சத்தம்?"

"அதுவும் கிடையாது."

கஸ்தூரி சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். வண்டி நகர்ந்தது. பூனைகள் அசையக்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பேசி முடித்ததும் கமலநாதன் கேட்டார்:

"யாரு?"

"அம்பிகைபாகன் அங்கிள். அடுத்த பட்டிமன்றத்துக்குத் தலைப்பு கேட்டார்."

"உன்கிட்டயா? உன்கிட்ட எதுக்குக் கேக்கறார்?"

"போன தடவையும் என்கிட்டதானே கேட்டார்."

கமலநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கார் லேபிள்... அது நீ குடுத்த தலைப்பா?"

"ம்."

"இப்ப என்ன குடுத்த?"

"'விடுமுறை நாளில் சமைக்க வேண்டியவர் கணவனா, மனைவியா?' நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

கமலநாதன் இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.