குளியலறைக்குள் குற்றாலம்

இனி ஒரு பார்சல் இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு உத்தரவு போட்டேன். எட்டேகாலுக்குப் பார்சல் வந்தது.

நான் ஓய்வுபெற்ற ஏட்டு. முப்பத்திநாலு வருஷம் தென்காசி வட்டாரத்துத் திருடர்களை அதட்டியவன். பெண்டாட்டியை அதட்ட இலாகாவில் பயிற்சி கிடையாது.

சங்கரேஸ்வரி நாள் முழுக்க போனில் விமர்சன வீடியோ பார்ப்பாள். ஒரு தாடிக்காரன் வருவான். மிக்சியைக் காட்டுவான். மெத்தையைக் காட்டுவான். "லிங்க் கீழே இருக்கு மக்களே" என்பான். அந்த லிங்க்கைத் தொட்டு நாம் வாங்கினால் அவனுக்குக் கமிஷன். இப்படித்தான் பூண்டு உரிக்கும் உருளை வந்தது. தேங்காய் துருவும் மெஷின் வந்தது. அது தேங்காயைத் தவிர எல்லாவற்றையும் துருவியது. பாதி என் விரல்.

அன்றைக்குப் பிரித்த பெட்டியில் ஒரு ஷவர். பெரிய தாம்பாளம் அளவு.

"என்னட்டி இது?"

"ஷவருங்க. வீட்டுக்குள்ளயே குத்தால அருவியாம்."

"குத்தாலம் இங்கேருந்து எம்புட்டு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"மெட்ராஸ்காரன் அறுநூறு கிலோமீட்டர் காரோட்டி வந்து அதுல குளிக்கான். நீ அதைப் பெட்டியில வரவழைக்கியா?"

"அவன் வாரான்லா, அதான். சீசன்ல பொம்பளைக வரிசையில ஒரு மணி நேரம் நிக்கணும். தலை நனையுததுக்குள்ள விசில் ஊதி வெளியே தள்ளுதாக. ஊதுதது யாரு? உங்க ஆளுக."

நானே ஊதியிருக்கிறேன்.

உட்கார வைத்தேன். பாடம் நடத்தினேன்.

"அந்தத் தாடிக்காரன் எப்படி விக்கான்னு சொல்லுதேன், கேளு. மொதல்ல அவசரப்படுத்துவான். ஆபர் இன்னையோட முடியுதும்பான். அது மூணு மாசமா முடியுது. அடுத்து, எனக்குக் கம்பெனி ஒத்தப் பைசா தரலைம்பான். கேக்காமலே சொல்லுதவனைத்தான் மொதல்ல பிடிச்சு உக்கார வைக்கணும்."

"சரி."

"பெரிய தந்திரம் இனிமேதான். சும்மா புகழ்ந்தா எவனும் நம்ப மாட்டான். அதனால அவனே ஒரு குறையைச் சொல்லுவான். வயர் கொஞ்சம் குட்டை, கலர் கொஞ்சம் மங்கல். அடடா, நேர்மையான மனுசன்னு நீ பொத்துன்னு விழுந்துருவ."

"குறை சொன்னா விக்குமா?"

"சொன்னாத்தான் விக்கும்."

தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரிங்க. இதைத் திருப்பி அனுப்பிருதேன். இனிமே எதுவும் வாங்கல."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா என்ன குறைன்னு வீடியோ எடுத்து அனுப்பணும். இல்லைன்னா திருப்பி எடுக்க மாட்டாக. நீங்களே பேசுங்க. உங்களுக்குத்தான் நல்லா ஏச வரும்."

உண்மை. ஒத்துக்கொண்டேன்.

அவளே பழைய ஷவரைக் கழற்றி இதைத் திருகினாள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே நின்றேன். குளியலறை வாசலில் அவள் போனோடு நின்றாள். குழாயைத் திறந்தேன்.

"சொல்லுங்க."

"இதுக்குப் பேரு ஷவராம். சவம்! தண்ணியா விடுது? லத்தியால அடிக்குது."

"எங்கன அடிக்குது?"

"தோள்பட்டையில. எலும்பு வரைக்கும் எறங்குது, மூதி."

"உங்க தோள்வலி எப்படி இருக்கு?"

"அதை எதுக்குட்டி இப்பம் கேக்க?"

"கம்பெனிக்காரன் கேப்பான்லா."

"வலியைக் காணோம். அதுக்குன்னு இப்படியா அடிக்கது? ஒரு மட்டு மரியாதை வேண்டாம்?"

"சத்தம்?"

"ஐந்தருவி இரைச்சல். பொண்டாட்டி பேசுதது காதுல விழ மாட்டேங்கு." கொஞ்சம் யோசித்தேன். "அதைக் குறையில சேக்காத."

"வேற?"

"வெளிய வர மனசு வர மாட்டேங்கு. கால் மணி நேரமா நிக்கேன். ஒரு மனுசனுக்கு வேற சோலி கிடையாதா? வந்து எடுத்துட்டுப் போங்கலே!"

கம்பீரமாக முடித்தேன். பத்து நாள் காத்திருந்தேன். ஷவரை எடுத்துப் போக ஒருவனும் வரவில்லை. தினமும் அதில் குளிக்க வேண்டியதாயிற்று. சாமான் வீணாகக் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் ஒலி முகம்மது வந்தார். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பஜாரில் ஜவுளிக்கடை. தலை ஈரம். முகத்தில் பரவசம்.

"அண்ணாச்சி, கலக்கிட்டீங்க!"

"எதை?"

"வீடியோவை. உங்களை நம்பித்தான் நானும் ஷவர் வாங்குனேன். துபாய்ல எம் மருமவன் ரெண்டு வாங்கியிருக்கான்."

"பாய், நான் திருப்பி எடுத்துட்டுப் போன்னுல்லா சொன்னேன்?"

"அதான் அண்ணாச்சி! அந்தத் தாடிக்காரன் பல்லைக் காட்டிக்கிட்டே சொல்லுதான். எவன் நம்புவான்? நீங்க கடவாப் பல்லுல வலி வந்த மாதிரி மூஞ்சியை வச்சிக்கிட்டு, 'வலியைக் காணோம்'னு சொல்லுதீங்க பாருங்க. இந்த மூஞ்சிக்குப் பொய் வருமா?"

போனை நீட்டினார். துண்டோடு நான். மீசையில் சோப்பு நுரை. மேலே 'கோவக்கார ஏட்டு' என்று தலைப்பு. பார்த்தவர்கள் இரண்டு லட்சம். கீழே லிங்க். தொட்டு வாங்கினால் கமிஷன் என் வீட்டுக்கு.

அடுக்களைக்குப் பாய்ந்தேன்.

"ஏட்டி! இதைக் கம்பெனிக்குத்தானே அனுப்பச் சொன்னேன்?"

"அனுப்பத்தான் இருந்தேன். பாத்தேன். நீங்க சொன்னதுல ஒரு குறையும் இல்லை. எப்படி அனுப்ப?"

"அப்ப நீ பண்ணுன சத்தியம்?"

"மீறலையே. அதுக்கப்புறம் நான் ஒரு சாமான் வாங்குனேனா? சொல்லுங்க."

யோசித்தேன். வாங்கவில்லை. சாட்சியம் அவள் பக்கம்.

அப்போது மணி அடித்தது. வாசலில் பார்சல்காரர். ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் ஐந்து பெட்டி. எல்லாம் என் பெயருக்கு.

"காசு வேண்டாம் சார். கம்பெனிக்காரங்களே இனாமா அனுப்பியிருக்காங்க. உங்க வாய்க்கு."

சங்கரேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். பெட்டிகள் வாசல்படி ஏறின. முதல் பெட்டியில் முறுக்குப் பிழியும் மெஷின். அதை மேஜையில் வைத்தாள். செம்பில் போனைச் சாய்த்து நிறுத்தினாள். என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள்.

"ம், ஏசுங்க."

ஏசினேன். கோபம் பத்தலை என்று மறுபடி எடுத்தாள்.