நேபாளக் கொடியின் கீழ் நான் உட்கார்ந்திருந்தது பற்றி

கட்கி, புனே-3.
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் துரைசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் வசந்தகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மல்லிகாவும் உங்கள் மருமகள் தீபாவும் நலம். குடியாத்தத்தில் தங்கள் முழங்கால் வலி தணிந்து, தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை நிற்கவில்லை. துணி காயவில்லை.

நீங்கள் என் போனை எடுக்காததாலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாலும் தபாலில் எழுத வேண்டியதாயிற்று. நீக்குவதற்கு முன் நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை நான்கு முறை கேட்டேன். "எம் மருமவ இந்தியாவுக்கு கோல் காத்துகினு நிக்கறா. அவ அப்பன் செவப்புச் சட்ட போட்டுகினு நேபாளத்துக்காரன் தோள்மேல குந்திகினு ஆடறான். நீ கை தட்னியா இல்லியா, அதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். பஜார் தெருவில் தீபா படத்தைச் சின்னதாகவும் உங்கள் படத்தைப் பெரியதாகவும் போட்டு நீங்கள் பேனர் கட்டியதும், இப்போது அதன் கீழே நின்று ஊரே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன். கூட்டியும் குறைத்தும் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

போட்டி தெற்காசிய நாடுகளின் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கானது. தீபா அணியில் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பர் என்றால் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது என்று நான் நினைத்திருந்தேன். போன வாரம் புதன்கிழமை விடியற்காலை நான் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, அணி தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து கூப்பிட்டாள். "பப்பா, மெயின் கீப்பருக்கு ஜுரம். நூத்தி ரெண்டு. இன்னிக்கு நேபாள மேட்ச்ல நான்தான் நிக்கணும். நீங்க வருவீங்க, இல்ல?" என்றாள். வருகிறேன் என்றேன். குரல் நடுங்கியது. அவளுடையது இல்லை, என்னுடையது.

குடும்பத்தாருக்கு என்று இரண்டு பாஸ் கொடுத்திருந்தார்கள். நான் தொலைத்துவிடுவேன் என்று உங்கள் தங்கை இரண்டையும் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் வேலை முடிந்து நேரே ஸ்கூட்டரில் வருவதாகவும், நான்காம் நம்பர் கேட்டில் அவள் எனக்காகக் காத்திருப்பதாகவும் ஏற்பாடு. இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்த அவசரத்தில், ஃபாக்டரி வாசலில் காலையில் ஒப்படைத்த போனைத் திரும்ப வாங்க மறந்தேன். உங்களுக்குத் தெரியும், வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். பாதி வழியில் நினைவு வந்தது, திரும்பிப் போகலாம் என்று ஸ்கூட்டரைத் திருப்பினேன், திருப்பிய இடத்தில் ஆணி, பின் சக்கரம் பஞ்சர், பஞ்சர் போடுகிறவன் சாப்பிடப் போயிருந்தான், அவன் வந்து போட்டு முடிப்பதற்குள் மணி மூன்றே முக்கால், இனி போனுக்குப் போனால் நாலரை மணி மேட்ச் போய்விடும் என்று மறுபடியும் மைதானத்தைப் பார்த்து ஓட்டினேன், மைதானத்துக்கு எதிரே ஒரு பஸ் ரோட்டுத் தண்ணீர் மொத்தத்தையும் என் மேல் இறைத்துவிட்டுப் போனது. வெள்ளைச் சட்டை. நீங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நான்காம் நம்பர் கேட்டுக்குப் போனபோது மணி நாலு ஐந்து. மல்லிகா இல்லை. நான் வரப்போவதில்லை என்று முடிவு செய்து, என் பாஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. காவலாளியிடம் என் மகள்தான் கோல்கீப்பர் என்று இந்தியில் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை, சேறு சொட்டும் கால்சட்டை முடிய, பார்த்தார். "காகா, காலையிலேர்ந்து கோல்கீப்பரோட அப்பா மூணு பேர் வந்துட்டாங்க. நீங்க நாலாவது. பாஸ் காட்டுங்க" என்று மராத்தியில் சொன்னார். அவர் மேலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அப்போதுதான் சிவப்புச் சட்டை போட்ட ஒரு முப்பது பேர் மேளத்தோடு அந்தப் பக்கம் வந்தார்கள். எல்லாரும் நேபாளத்துக்காரர்கள், புனேயில் வேலை செய்கிறவர்கள். விமான் நகரில் ஹோட்டல் சமையல்காரர்கள், பியூட்டி பார்லர் பெண்கள், அபார்ட்மென்ட் காவலாளிகள். முன்னால் வந்தவர் பெயர் லோக்பிரசாத், சமையல்காரர். மழையில் நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "அங்கிள், டிக்கெட் இல்லையா? நம்ம ஆள் ஒருத்தனுக்கு லீவு கிடைக்கல. அவன் டிக்கெட் சும்மா இருக்கு, வாங்க" என்றார். அந்த ஆளுக்காகக் கொண்டுவந்திருந்த சிவப்புச் சட்டையையும் கொடுத்து, "ஈரத்தோட உக்காந்தா ஜுரம் வரும், மாத்திக்கோங்க" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மச்சான், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏழாம் நம்பர் கேட் வழியாக நான் நேபாளத்துக்காரனாக உள்ளே போனேன்.

உட்கார்ந்தவுடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள், இன்னொருவர் சுட்ட சோளக்கதிரில் பாதியை ஒடித்துக் கொடுத்தார். எதிர் அணி கோல்கீப்பருடைய அப்பா நான்தான் என்று சோளத்தை மென்றுகொண்டே எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பத்தாவது நிமிஷம் நேபாளத்தின் ஒன்பதாம் நம்பர், இத்தனூண்டு பெண், மூலையைப் பார்த்து அடித்தாள். தீபா பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளினாள். என்னை அறியாமல் எழுந்து நின்று, "அப்படித்தான் கண்ணு!" என்று கத்திவிட்டேன். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன சொன்னீங்க, அங்கிள்?" என்று லோக்பிரசாத் கேட்டார். தமிழில் 'அய்யோ போச்சே' என்று அர்த்தம் என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் கொடுத்த முதல் பொய்ச் சான்றிதழ் அதுதான்.

அதன் பலன் உடனே தெரிந்தது. அடுத்த முறை தீபா பந்தைப் பிடித்தபோது, என்னோடு சேர்ந்து துக்கப்பட வேண்டும் என்று நல்லெண்ணத்தில், அந்த வரிசையே தலையில் கை வைத்துக்கொண்டு "அப்படித்தான் கண்ணு!" என்று அலறியது. மூன்றாவது முறை மேளமும் சேர்ந்துகொண்டது. தன் ஊர் மைதானத்தில், எதிராளியின் கூட்டத்திலிருந்து, வீட்டில் அப்பா மட்டும் சொல்கிற வார்த்தையை முப்பது பேர் சொன்னால் ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வாள்? பார்த்தாள். சிவப்புச் சட்டையில் என்னைக் கண்டுபிடித்தாள். அவள் முகம் போன போக்கை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் அந்த ஒன்பதாம் நம்பர் கோல் போட்டாள். நீங்கள் கேட்டது இந்த இடம்தான். பந்து வலையில் விழுந்த அடுத்த நொடி லோக்பிரசாத்தும் இன்னொருவரும் என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டார்கள். வரிசையில் எடை குறைந்தவன் நான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. யாரோ கையில் கொடியைத் திணித்தார்கள். கேமராக்காரன் அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் திருப்பினான். வீடியோவில் நீங்கள் பார்த்தது ஆட்டம் இல்லை, விழாமல் இருக்க நான் செய்த முயற்சி. என் ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் லோக்பிரசாத்தின் தலைமுடி. ஆகவே நான் கை தட்டவில்லை, தட்டுவதற்குக் கையும் இல்லை. இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

கடைசி நேரத்தில் நம் பெண்கள் ஒரு கோல் திருப்பிப் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆட்டம் முடிந்து எல்லாரும் மைதானத்தைச் சுற்றி வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தபோது, தீபா கம்பி வேலி ஓரம் எனக்கு நேரே நின்று, "பப்பா, இன்னா இது?" என்றாள். அவ்வளவுதான். மேளம் நின்றது. லோக்பிரசாத் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணா?" என்றார். ஆமாம் என்று சொல்லி, சட்டையைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும். அந்த வார்த்தைக்கு நிஜமா என்ன அர்த்தம்?" என்றார். சொன்னேன். டீ கொடுத்த பெண்தான் முதலில் சிரித்தாள். "அப்போ மேட்ச் முழுக்க நாம இந்தியாவோட கீப்பரையா பாராட்டினோம்?" என்றாள். பிறகு எல்லாருமாக எழுந்து நின்று, இந்த முறை அர்த்தம் தெரிந்து, தீபாவைப் பார்த்துச் சொன்னார்கள்.

தீபா சிரிக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை. உங்கள் தங்கையும் பேசவில்லை. "இன்னா மனுசன்யா நீ" என்பதைப் பேச்சுக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே யோசனைதான். ஒன்பதாம் நம்பர் அடித்தபோது தீபாவின் கண் பந்தில் இருந்ததா, என்மேல் இருந்ததா?

போன வாரம் சனிக்கிழமை ஹோட்டலில் அரை மணி நேரம் பார்க்க அனுமதித்தார்கள். வரவேற்பறை சோபாவில் முழங்கையில் ஐஸ் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே சொன்னாள். "அந்த கோல் உங்களால இல்ல, பப்பா. நான் பந்தத்தான் பாத்தேன். அது என் கைக்கு எட்டாது. யாருக்கும் எட்டாது."

"அப்புறம் ஏன்மா பேசல?"

"அம்மா பக்கத்துல ஸ்டெல்லா ஆன்ட்டி உக்காந்திருந்தாங்க. என் ஃபர்ஸ்ட் மேட்ச், நீங்க வரவே இல்லன்னு நெனச்சேன். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டுச்சு, சரியாப் போச்சு." ஐஸ் பையைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ஆனா டீம்ல எல்லாரும் இப்போ என்னை அப்படித்தான் கண்ணுன்னே கூப்பிடறாங்க. அதுக்குத்தான் கோவம்" என்றாள்.

அடுத்த ஆட்டங்களுக்கு அந்த இன்னொரு கோல்கீப்பர் குணமாகி வந்துவிட்டாள். தீபா மறுபடியும் பெஞ்சுக்குப் போனாள். நம் அணி இரண்டாவது இடம். தீபா நேற்று வீட்டுக்கு வந்து பதினாலு மணி நேரம் தூங்கினாள்.

எனவே நான் எந்த நாட்டுக்கும் துரோகம் செய்யவில்லை என்பதையும், கை தட்டவில்லை என்பதையும் தாங்கள் பஜார் தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி, பேனரைக் கழற்றாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் முழங்காலுக்கு விரைவில் சுகம் உண்டாகட்டும்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
வசந்தகுமார்

பின்குறிப்பு: தீபாவுக்குத் தமிழ் படிக்க வராததால், எழுதி முடித்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க தூக்கறதுக்கு முன்னாடியே நீங்க கை தட்டினீங்க. நான் கீழ விழுந்து கிடந்தேன், அங்கேர்ந்து பாத்தேன்" என்றாள். மச்சான், தட்டினேன். முப்பது கஜம் இருக்கும், ஈரப்பந்து, இடது கால். நல்ல கோல். பேனர் விஷயத்தில் தங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே செய்யவும்.