மச்சானும் சம்பந்தியும் ஒரே மேடையில்

எல்லாம் எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று மழை பெய்ததா, வெறும் மூட்டம்தானா என்பதிலேயே சந்தேகம். கூடம் நிறைய நாற்காலிகள் காலியாக இருந்தும் அமிர்தலிங்கத்தால் உட்கார முடியவில்லை. அது மட்டும் நிச்சயம்.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். பிரசிடெண்டு எலெக்ஷன். ஊராட்சித் தலைவர் பதவி இம்முறை பெண்களுக்கு என்பதால், வழக்கம்போல மனைவிகள் மனுச் செய்ய, கணவர்கள் போட்டியிட்டார்கள். ஒருவர் பிச்சைமுத்து, அமிர்தலிங்கத்தின் மனைவி தையல்நாயகிக்கு அண்ணன். மற்றவர் அய்யம்பெருமாள், அமிர்தலிங்கம் தன் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி. டிவியில் பார்த்த பழக்கத்தில், இருவரையும் நேருக்கு நேர் பேசவைக்க இளைஞர்கள் சமுதாயக் கூடத்தில் மைக் கட்டியிருந்தார்கள்.

அமிர்தலிங்கத்துக்கு ஒரே ஆசை. மழை பெய்தால் தெருத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வருகிறது. யார் வடிகால் கட்டித் தருவார் என்று ஊரறியக் கேட்டுவிட வேண்டும். கவலையும் ஒன்றுதான். இடப்பக்கம் மச்சான் ஆட்கள், வலப்பக்கம் சம்பந்தி ஆட்கள்.

வாசலில் நின்றார். பாதியில் நழுவப் பார்க்கிறார் என்று இரண்டு பக்கமும் முறைத்தன. நடுவே போய் நின்றார். நடுவர் வந்துவிட்டதாக நினைத்து யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வேறு வழியின்றி வடிகாலைக் கேட்டார்.

"தெக்கால வெட்டி ஏரியில விட்டுடறேன் மாப்ள," என்றார் பிச்சைமுத்து.

"தெக்கால என் கொல்லை இருக்குல்ல. வடக்கால விடுவோம் சம்பந்தி," என்றார் அய்யம்பெருமாள்.

வடக்கே பிச்சைமுத்துவின் முந்திரிக் காடு. பேச்சு தடித்தது. சமாதானத்துக்காக அமிர்தலிங்கம் வடிகாலே வேண்டாம் என்றார். அப்படியானால் எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஓட்டு யாருக்குன்னு இங்கயே சொல்லிடுங்க."

கேட்டவர் சம்பந்தி. மச்சானும் தலையாட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

ஒரு பக்கம் மகள் வாழ்கிற வீடு. மறுபக்கம் மனைவி பிறந்த வீடு. அமிர்தலிங்கம் மைக்கைத் திருப்பித் தர ஆள் தேடினார்.

ஆட்டோக்கார அமாவாசை உள்ளே வந்து கொஞ்சம் தண்ணீர் கேட்டான். வாபஸ் வாங்கக் கடைசி நாளாம். ஒன்றிய ஆபீசுக்கு ஒரு சவாரி போய்த் திரும்புகிறானாம்.

"யாரு போனாங்க?" என்றார் பிச்சைமுத்து.

"உங்க வூட்டுக்காரம்மாவும் அவரு வூட்டுக்காரம்மாவும்தான். குடும்பத்துக்குள்ள சண்டை வேணாம்னு ரெண்டு பேருமே வாபஸ் வாங்கிட்டாங்க. உங்க வூட்டு மனு தள்ளுபடி ஆனா இருக்கட்டும்னு டம்மிக்கு உங்க தங்கச்சி பேருல ஒண்ணு போட்டீங்கள்ல, போட்டியில்லாம அதுதாண்ணே இப்ப பிரசிடெண்டு."

இப்போது பிச்சைமுத்து முந்திரி வியாபாரத்தைப் பார்க்கிறார். அய்யம்பெருமாள் அவரோடு பேசுகிறார். வடிகால் வந்தது, ஊரின் மறுகோடியில். சொந்தத் தெருவில் தொடங்கினால் ஊர் பேசும் என்றுவிட்டார் தையல்நாயகி. மழை பெய்தால் அமிர்தலிங்கம் இன்னும் வீட்டுக்குள் நின்று தண்ணீர் இறைக்கிறார்.